ஃபேமிலிசர்ச்: இலவசம்தான், ஆனால் தேடல் பெட்டியோடு நின்றுவிடாதீர்கள்

அமெரிக்காவில் 1700களில் வாழ்ந்த மூதாதையைத் தேடக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எந்தத் தளத்துக்குக் காசு கட்டலாம் என்றுதான். இப்போதைக்கு எதற்கும் கட்டாதீர்கள் என்பது என் பதில். குடும்ப வரலாற்றைத் தேட உதவும் இலவசத் தளமான ஃபேமிலிசர்ச்சில் ஒரு கணக்கு தொடங்குங்கள், மின்னஞ்சல் முகவரி போதும், கடன் அட்டை எண்ணெல்லாம் கேட்கமாட்டார்கள். ஆனால் உள்ளே போனவுடன் கண்ணில் படுகிற தேடல் பெட்டியில் பேரைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று வெளியே வந்துவிட்டால் அந்தத் தளத்தின் வாசலைத்தான் பார்த்திருக்கிறீர்கள், வீட்டைப் பார்க்கவில்லை.

என் மருமகளின் அம்மா வழிக் குடும்பம் பென்சில்வேனிய ஜெர்மானியர்கள், அதாவது ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்து பென்சில்வேனியாவில் வந்து குடியேறியவர்களின் வழி. அங்கே பெர்க்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருந்துவிட்டு ஒஹாயோவுக்குப் போனவர்கள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. சம்பந்தியம்மாவுக்கு இதில் வெகுநாள் ஆசை, எனக்கோ பழைய காகிதம் என்றால் பசி தூக்கம் மறந்துவிடும், இரண்டு பேருமாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். கட்டணத் தளங்களையும் பார்த்தோம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஃபேமிலிசர்ச் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. மார்மன்கள் என்று நாம் சொல்கிற பிந்தைய நாள் பரிசுத்தவான்கள் திருச்சபை நடத்துகிறது. 1894-ல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சுருள்கள். அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றும் வேலையை 2021-ல் முடித்தார்கள். இறந்துபோன முன்னோர்களுக்காகவும் சடங்கு செய்யலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை, அதற்குப் பேரும் உறவும் தெரியவேண்டுமே, அதனால்தான் இத்தனை சிரத்தை. சிலருக்கு இது உறுத்தலாம், அது அவரவர் முடிவு. நான் பார்த்த வரை பதிவேடுகளைப் படிக்க மதம் குறுக்கே வரவில்லை.

சரி, சென்சஸுக்கு வருவோம். 1790-ல் தொடங்கி பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த கூட்டாட்சிக் கணக்கெடுப்புகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவை எல்லாம், அதாவது 1950 வரை, இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 72 ஆண்டு பூட்டி வைக்கவேண்டும் என்பது விதி, அதனால் 1950-ஐ 2022 ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஆனால் ஆதிகால மூதாதையைத் தேடுகிறவர் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளவேண்டும்: 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும். மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லாரும் வெறும் எண்ணிக்கை.

நாங்கள் தேடியவரின் 1800 சென்சஸ் வரி அப்படித்தான். கோணல்மாணலான கையெழுத்தில் ஒரு பேர், பக்கத்தில் 3, 1, ஒரு கோடு, 1, கோடு, அப்புறம் பெண்களுக்கு 2, கோடு, கோடு, 1, 1. விரித்துப் படித்தால் பத்து வயதுக்குக் கீழே மூன்று பையன்கள், பத்திலிருந்து பதினாறுக்குள் ஒருவன், இருபத்தாறிலிருந்து நாற்பத்தைந்துக்குள் ஒரு ஆண், அவர்தான் தலைவராக இருக்கவேண்டும். பெண்களில் இரண்டு சிறுமிகள், இருபத்தாறிலிருந்து நாற்பத்தைந்துக்குள் ஒருத்தி, நாற்பத்தைந்துக்கு மேல் ஒருத்தி. அந்தக் கடைசி 1 யார்? அவருடைய அம்மாவா, மாமியாரா, மூத்த அக்காவா, கூலிக்கு வந்து தங்கியவளா? சென்சஸ் அதற்குமேல் வாய் திறக்காது. சம்பந்தியம்மா அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, "இந்தக் கிழவி யாரென்று தெரியாமல் நான் ஒஹாயோ பக்கம் திரும்பமாட்டேன்" என்றுவிட்டார்.

இந்த எண்களைப் படிப்பதிலும் சில பொறிகள் உண்டு. 1820-ல் பதினாறிலிருந்து பதினெட்டு வரை உள்ள ஆண்களுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டார்கள், ஆனால் அதே பையன்களைப் பக்கத்துக் கட்டமான பதினாறு முதல் இருபத்தாறிலும் மறுபடி எண்ணியிருப்பார்கள். கூட்டிப் பார்க்கிறவர் வீட்டில் இல்லாத ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்துவிடுவார். இன்னொன்று, 1820-ன் கணக்கு ஆகஸ்ட் 7-ஆம் தேதி நிலவரப்படி, 1830 ஜூன் 1-ஆம் தேதி நிலவரப்படி, ஆக இரண்டுக்கும் இடையில் முழுதாகப் பத்து ஆண்டு இல்லை. வயது ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு இது வித்தியாசம் காட்டும். சில கவுண்டிகளில் கணக்கெடுத்தவர் வீடு வீடாக எழுதியதைப் பிறகு முதல் எழுத்துப்படி அடுக்கி நகல் எடுத்துவிட்டார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்பது போய்விட்டது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பாதி நேரம் மைத்துனர்.

1840-க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். சுதந்திரப் போரில் பங்கேற்று ஓய்வூதியம் வாங்கியவர்களின் பேரும் வயதும் அதில் இருக்கும், ஆனால் இரண்டாவது பக்கத்தில். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குத் தாவுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

இல்லாத சென்சஸ்களும் நிறைய. 1790-க்கு வர்ஜீனியா, நியூ ஜெர்சி, டெலவேர், ஜார்ஜியா எல்லாம் தொலைந்துவிட்டன. வர்ஜீனியாவுக்கு 1780களின் வரிப் பட்டியல்களை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். 1890-ன் பெரும்பகுதி 1921 வாஷிங்டன் தீவிபத்தோடு சரி. எங்களுக்கு அடி விழுந்தது ஒஹாயோவில், அங்கே 1810-க்கு வாஷிங்டன் கவுண்டி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. குடும்பம் இடம் பெயர்ந்த அந்தக் காலகட்டத்தில்தானா ஓட்டை விழவேண்டும்!

இந்த இடத்தில்தான் தேவாலயப் பதிவேடு கை கொடுக்கிறது. எனக்கு ஃபேமிலிசர்ச் பிடித்துப்போனதும் இதனால்தான். பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1906-ல். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுக்கு லூத்தரன், ரிஃபார்ம்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைகளின் புத்தகங்களை விட்டால் பிறப்புக்குப் பெரும்பாலும் வேறு கதி கிடையாது. அந்தப் புத்தகங்களின் படங்கள் இங்கே இருக்கின்றன, அசலும் இருக்கிறது, பிற்காலத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பிரதிகளும் இருக்கின்றன. இதில் ஏராளமானவற்றுக்குப் பெயர் அட்டவணை போடவே இல்லை. அட்டவணை இல்லாததைத் தேடல் பெட்டி காட்டாது, நாள் முழுக்கத் தட்டினாலும் காட்டாது. பட்டியல் (Catalog) பகுதிக்கோ படங்கள் (Images) பகுதிக்கோ போய், ஊர் பேரைக் கொடுத்து, சபையின் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்க்கவேண்டும்.

ஒரு ஞானஸ்நானப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போதகர் கையாலேயே கோடு போட்டுப் பிரித்த பத்திகள்: பெற்றோர், பிள்ளையின் பேர், பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள், கடைசியில் ஞானப்பெற்றோர். எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்து, அதில் e என்ற எழுத்து n போலவே இருக்கும், s-ம் h-ம் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போலத் தெரியும். முதல் பக்கத்தில் தலை சுற்றும். ஆனால் பேர்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு போதகரின் கை பழகிவிட்டால் அப்புறம் வேகமாகப் போய்விடலாம், அடுத்த போதகர் வரும் வரை. மை ஊறி எதிர்ப்பக்கத்து எழுத்தும் தெரிகிற இடங்களில் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து, மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டிப் பாருங்கள், அதற்கான கருவி ஓரத்திலேயே இருக்கிறது.

அந்தக் கடைசிப் பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஞானப்பெற்றோராக நிற்கிறவர்கள் பெரும்பாலும் தாய்மாமன், சித்தி, பாட்டி என்று ரத்த சொந்தம். நம் வீடுகளில் சீர் செய்ய யார் வருகிறார்களோ அவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தம்பதியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் யார் யார் நின்றார்கள் என்று எழுதி வைத்தால், பதிவேட்டில் எங்குமே சொல்லாத மனைவியின் பிறந்தகம் மெல்லத் தலை காட்டும். எங்கள் தேடலில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே விதவை நின்றிருக்கிறாள், இன்னொரு பிள்ளைக்கு அதே குடும்பப் பேருள்ள ஓர் இளைஞன். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு அதே சபையின் அடக்கப் பதிவேட்டுக்குப் போனோம். ஜெர்மன் போதகர்கள் அடக்கப் பதிவில் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. விதவை, எந்த ஊரில் பிறந்தாள், யார் மகள், எத்தனை பிள்ளைகள் பெற்றாள், எத்தனை ஆண்டு எத்தனை மாதம் எத்தனை நாள் உயிரோடு இருந்தாள், கடைசிக் காலத்தில் எந்த மருமகன் வீட்டில் இருந்தாள் எல்லாம் ஒரே பத்தியில். மருமகன் எங்கள் ஆள். 1800 சென்சஸில் ஓரத்தில் நின்ற அந்த 1 இவள்தான். சம்பந்தியம்மா அன்றைக்குப் பேசியதைவிட அழுததுதான் அதிகம்.

ஆண்டு மாதம் நாள் கணக்கைப் பின்னோக்கிக் கழித்தால் பிறந்த தேதி வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, 1752-ல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் நாட்காட்டியை மாற்றி 11 நாளைக் கழித்தன, ஆண்டுத் தொடக்கத்தையும் மார்ச் 25-லிருந்து ஜனவரி 1-க்குக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் 1731/32 என்று இரண்டு ஆண்டும் போட்டிருந்தால் குழம்பவேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டனுக்கே பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

பேர் விஷயத்தில் இன்னொரு சங்கதி. ஒரு வீட்டில் ஐந்து பையன்கள் என்றால் ஐந்து பேருக்கும் யோஹான் என்று முன்னால் இருக்கும்: யோஹான் கேயோர்க், யோஹான் யாகோப், இப்படி. கூப்பிடுவது இரண்டாவது பேரால்தான், சென்சஸிலும் அதுதான் இருக்கும். யோஹானைத் தேடினால் ஊரே வரும். குடும்பப் பேரும் நிலையாக நிற்காது, ஷ்னைடர் என்று சபைப் புத்தகத்தில் இருப்பவர் சென்சஸில் ஸ்னைடராக நிற்பார். தேடல் பெட்டியில் எழுத்து நிச்சயமில்லாத இடத்தில் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ போடலாம். இன்னும் நல்ல வழி, குடும்பப் பேரே கொடுக்காமல் அப்பா அம்மாவின் முதற்பேரையும் ஊரையும் மட்டும் கொடுப்பது. பல கட்டணத் தளங்களிலும் அடிப்படை அட்டவணை இதேதான், அங்கே தப்பாகப் படித்தது இங்கேயும் தப்பு.

கவுண்டி எல்லையும் மாறிக்கொண்டே இருந்தது. பெர்க்ஸ் 1752-ல்தான் உருவானது, அதற்கு முன் அந்த நிலம் ஃபிலடெல்ஃபியா, லங்காஸ்டர், செஸ்டர் கவுண்டிகளில் சிதறிக் கிடந்தது. குடும்பம் அதே பண்ணையில் அசையாமல் இருந்திருக்கும், காகிதம் மட்டும் வேறு அலுவலகத்தில் இருக்கும்.

ஒஹாயோ ஓட்டையை அடைத்ததும் சபைப் புத்தகம்தான். நற்கருணை எடுத்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு ஆராதனைக்கும் எழுதியிருக்கிறார்கள், திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) பெற்ற பிள்ளைகளை வயதோடு எழுதியிருக்கிறார்கள். தம்பதியர் பேர் பட்டியலில் எந்த ஆண்டு வரை வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே எப்போது மூட்டை கட்டினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு சங்கடம், சில போதகர்கள் பல ஊர்களைச் சுற்றி வந்தவர்கள், தாங்கள் கொடுத்த ஞானஸ்நானங்களைத் தங்கள் சொந்த நோட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். 1730 முதல் 1779 வரை எழுதிய யோஹான் காஸ்பர் ஸ்டோவரின் பதிவு அப்படிப்பட்டது. உங்கள் ஊர் சபைப் புத்தகத்தில் பிள்ளை இல்லையென்றால் அந்தப் பக்கம் சுற்றிய போதகர் யார் என்று பாருங்கள்.

மற்ற சபைகளைப் பற்றிச் சுருக்கமாக. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூதாதை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி: மாதக் கூட்டப் பதிவுகளில் பிறப்பு, இறப்பு, திருமணத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரின் பேர், ஊர் மாறும்போது கொடுத்த சான்று, சபைக்கு வெளியே கல்யாணம் செய்ததற்காக ஒதுக்கிவைத்த செய்தி என்று வரிசையாக இருக்கும். மாதங்களை எண்ணால் எழுதுவார்கள், 1752-க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச். நியூயார்க் டச்சு சபைகளின் பதிவு 1639 வரை பின்னால் போகிறது, அம்மாவின் பிறந்தகப் பேரையே எழுதும் நல்ல பழக்கம் அவர்களுக்கு உண்டு. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அதனால் அங்கே பிறந்த தேதியை எதிர்பார்க்காதீர்கள், யார் குடித்துவிட்டுச் சண்டை போட்டார், யாரைச் சபையிலிருந்து நீக்கினார்கள் என்பதுதான் கிடைக்கும், படிக்கச் சுவாரசியமாகவே இருக்கும்.

அடிமைகளாக்கப்பட்டவர்களின் சந்ததிக்கு இந்தக் கதை இப்படிப் போகாது. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உடைமையாளர் பேருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும்தான், மனிதர் பேர் அநேகமாக இருக்காது. 1870-ல்தான் பெரும்பாலானோரின் பேர் முதன்முறையாகச் சென்சஸில் ஏறுகிறது. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலையான அடிமைகளுக்கு உதவ அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அரசு அமைப்பின் ஆவணங்களுக்கு ஃபேமிலிசர்ச் தன்னார்வலர்களை வைத்து 2016-ல் பெயர் அட்டவணை போட்டு முடித்தது, அது மட்டுமே இந்தத் தளத்தை மதிக்கப் போதுமான காரணம் என்பேன்.

இப்போது குறைகள். எல்லாருக்கும் பொதுவான ஒரே குடும்ப மரம் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அதை நான் வதந்தி அளவுக்குத்தான் நம்புவேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரே பேருள்ள இரண்டு பேரைச் சேர்த்து ஒருவராக்கலாம், அவர் ஒரே ஆண்டில் இரண்டு கவுண்டிகளில் பிள்ளை பெற்றிருப்பார். ஒவ்வொரு தகவலுக்கும் கீழே என்ன ஆதாரம் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆதாரம் இன்னொருவருடைய மரம்தான் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, எல்லாப் படத்தையும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆவணத்தின் உரிமையாளரோடு செய்த ஒப்பந்தப்படி சிலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதனோடு இணைந்த நூலகத்திலோதான் திறக்க முடியும். பூட்டு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நேரில் போனால் உதவி செய்யும் தன்னார்வலர்கள் இருப்பார்கள், பல மையங்களில் சில கட்டணத் தளங்களையும் அங்கேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

2024-ல் அறிமுகமான முழு உரைத் தேடலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து, உள்ளே எந்த வரியில் பேர் வந்தாலும் எடுத்துக்கொடுக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து நிலக்காரர் எல்லாம் வந்து விழுகிறார்கள். சபைப் புத்தகத்தில் கிடைத்த மாமியாரின் குடும்பப் பேரை இதில் போட்டதும், மகள்களின் கணவர்கள் பேரோடு ஒரு சொத்துப் பங்கீட்டுப் பத்திரம் வந்தது. இது எல்லாத் தொகுப்புக்கும் இன்னும் வரவில்லை.

கட்டணத் தளங்களுக்கு வருகிறேன். பேர் சொல்லவில்லை, ஒரு தளத்தில் இலவசச் சோதனைக்காலம் என்று சேர்ந்து, ரத்து செய்தும் பணம் எடுத்துவிட்டார்கள், திரும்ப வாங்கப் போனில் மல்லுக்கட்டவேண்டி வந்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கமாட்டேன். ஆன்செஸ்ட்ரியில் பென்சில்வேனியா, நியூ ஜெர்சி தேவாலயப் பதிவுகளின் பெரிய தொகுப்பும் குவேக்கர் கூட்டப் பதிவுகளும் அட்டவணையோடு இருக்கின்றன, அதுவும் பல பொது நூலகங்களில் இலவசம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பக்கம் வேர் உள்ளவர்களுக்கு, 1845-ல் பாஸ்டனில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் தளத்துக்கு ஒரு சந்தா கொடுக்கலாம். அங்கே ஊராட்சிகளே பிறப்பு இறப்பை எழுதி வைத்ததால் வேலை சுலபம். எதற்குக் கட்டினாலும் முதலில் என்ன தொகுப்பு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள்.

ஐந்து நட்சத்திரத்தில் பதிவேடுகளுக்கு ஐந்து, தேடல் பெட்டிக்கு மூன்று, பொது மரத்துக்கு ஒன்றரை. படத்தை இறக்கும்போது கோப்புப் பேரில் சபை, ஊர், ஆண்டு, ஃபிலிம் எண், படத்தின் எண் ஐந்தையும் அப்போதே எழுதிவிடுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் சேர்ந்த பிறகு எது எந்தப் புத்தகம் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.